வேட்டையும் அறமும் – கடல்நாய் வேட்டையை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மனிதன் உழவைக் கற்பதற்கு முன்னரே வேட்டையைக் கற்றான். காட்டிலும் கடலிலும் திரிந்த உயிர்களைக் கொன்று பசி தீர்த்தான், அவற்றின் தோலால் உடலை மறைத்தான், கொழுப்பால் விளக்கேற்றினான். பழந்தமிழர் வேட்டையைக் குறிஞ்சித் திணையின் வாழ்வோடு வைத்து எண்ணினர். வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் (152) வியந்து பாடுகின்றார். அவ்வேட்டையில் கிடைத்த ஊனை ஓரி தன் பெயரையும் கூறாது பாணர் கூட்டத்திற்கு அளித்த செய்தியும் அப்பாட்டிலேயே உள்ளது. வேட்டைத்திறம் வீரமாகவும், வேட்டையில் பெற்றதைப் பகிர்தல் கொடையாகவும் போற்றப்பட்ட காலம் அது. பின்வந்த வள்ளுவரோ புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். அவ்விரண்டையும் அவர் துறவறவியலில் அமைத்தார் என்பதும் நினையத்தக்கது.

வேட்டையை வீரமெனப் புகழ்தல் ஒருமுனை. கொலையென முற்றும் விலக்குதல் மறுமுனை. இவ்விரு முனைகளுக்கும் இடையில்தான் பெரும்பாலான மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் ஊன் உண்கின்றனர், தோற்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர், ஆயினும் கொடுமை கண்டால் நெஞ்சம் பதறுகின்றனர். அத்தகையோர்க்கு வேட்டை எப்போது தகும், எப்போது தகாது என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவை ஆராய்வதற்கு, 1960கள் தொட்டு உலகம் வாதிட்டு வரும் கடல்நாய் வேட்டையைப் போல் பொருத்தமான சான்று பிறிதில்லை. நம் நாட்டுக் கடற்கரைகளில் வாழாத ஓர் உயிரைப் பற்றிய வழக்கு இஃது என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. அவ்வழக்கில் வெளிப்பட்ட அறங்களும் பிழைகளும் மனித இனத்திற்கே பொதுவானவை.

கடல்நாயின் வாழ்வு

சீல் என்று ஆங்கிலத்தில் வழங்கப்பெறும் கடல்நாய் மீனினத்தைச் சார்ந்ததன்று. மூச்சுவிடக் கடலின் மேற்பரப்பிற்கு வருவதும், குட்டி ஈன்று பாலூட்டுவதுமாகிய பாலூட்டி விலங்கு அது. அதன் கால்கள் துடுப்புகளாக மாறியுள்ளன. தோலின் கீழுள்ள தடித்த கொழுப்புப் படலம் குளிரிலிருந்து அதனைக் காக்கின்றது. அக்கொழுப்பும் தோலுமே அதற்குப் பகையாயின.

கடல்நாய் இனங்கள் பல. அவற்றுள் வட அட்லாண்டிக் பகுதியில் வாழும் ஓர் இனத்தின் முதுகில் யாழின் வடிவை ஒத்த கரிய பட்டை காணப்படும். அது பற்றியே ஆங்கிலேயர் அதனை ஹார்ப் சீல் என்றனர். நாம் அதனை யாழ்க் கடல்நாய் என்று தமிழில் வழங்கலாம். கோடையில் கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்தை ஒட்டியும் இரைதேடித் திரியும் இவ்வினம், குளிர்காலத்தில் தெற்கே வந்து, பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சுத் திங்களிலும் நியூஃபவுண்ட்லாந்தை அடுத்தும் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவிலும் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் குட்டி ஈனுகின்றது.

ஈன்ற குட்டியின் எடை ஏறத்தாழப் பத்துக் கிலோ. தாயின் பாலில் ஏறக்குறையப் பாதி கொழுப்பே. அப்பாலை உண்டு, பன்னிரண்டே நாளில் குட்டி முப்பது கிலோவையும் தாண்டிப் பருத்துவிடும். அத்துடன் தாய் குட்டியை விட்டுக் கடலுக்குள் சென்றுவிடுகின்றது. தனித்து விடப்பட்ட குட்டி, உடலில் சேர்ந்த கொழுப்பைக் கொண்டே சில வாரங்கள் உணவின்றிப் பனிமேல் கிடக்கும். பிறந்தபோது போர்த்திருந்த தூய வெண்மயிர் உதிர்ந்து சாம்பல்நிற மயிர் முளைக்கும். பிறகுதான் அது நீந்தக் கற்று, தானே இரைதேடத் தொடங்கும். ஓடவும் நீந்தவும் அறியாது கிடக்கும் இந்தக் காலத்தையும், அதனை அடுத்துவரும் வாரங்களையுமே வேட்டைக்காரர் தமக்கு வாய்ப்பாகக் கொண்டனர்.

வேட்டை வாணிகமாகிய வரலாறு

தேவைக்காக நிகழ்ந்த வேட்டை வாணிகமாக மாறியபோது அதன் இயல்பே மாறியது. ஐரோப்பாவின் விளக்குகளுக்கு எண்ணெயும், செல்வர்க்கு மென்மயிர் ஆடையும் வேண்டியிருந்தன. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து 1831ஆம் ஆண்டில் மட்டும் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட கடல்நாய்த் தோல்கள் கொண்டுவரப்பட்டன.

இவ்வாணிகத்தில் பனிமேல் இறங்கி வேட்டையாடியவர் செல்வரல்லர். மீன்பிடி பருவம் தொடங்காத நாள்களில் வயிற்றுக்கு வழிதேடிய ஏழை மீனவர் அவர். 1914ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நியூஃபவுண்ட்லாந்து என்னும் பெயர்கொண்ட நீராவிக் கப்பலின் வேட்டைக்காரர்கள் பனிப்புயலில் சிக்கி, இரண்டு இரவுகள் பனிப்பாளத்தின் மேல் கிடந்தனர்; 78 பேர் மாண்டனர். அக்கப்பலில் இருந்த கம்பியில்லாத் தந்திக் கருவியை, அது வருவாய்க்கு உதவவில்லை என்று கருதி உரிமையாளர் முன்னரே அகற்றிவிட்டிருந்தனர். அதனால் உதவி கேட்க வழியில்லாது போயிற்று. அதே புயலில் சதர்ன் கிராஸ் என்னும் மற்றொரு வேட்டைக் கப்பல் அதிலிருந்த அனைவருடனும் மறைந்தது. இரண்டிலுமாக இறந்தோர் 251 பேர். விலங்கின் உயிரை விலைப்பொருளாக மட்டுமே கண்ட வாணிகம், மனித உயிரையும் அவ்வாறே கண்டது என்பதற்கு இது சான்றாகும்.

பசிபிக் பெருங்கடலின் வடபகுதியிலுள்ள பிரிபிலோஃப் தீவுகளின் வரலாறும் இத்தகையதே. அங்கே மென்மயிர் அடர்ந்த வேறோர் இனக் கடல்நாய்கள் இலட்சக்கணக்கில் கூடிக் குட்டி ஈனுகின்றன. இருசிய வணிகர் அலூட் பழங்குடியினரை வலிந்து அத்தீவுகளில் குடியேற்றி வேட்டைக்கு ஏவினர். பின்னர் அலாஸ்கா 1867இல் அமெரிக்காவின் கைக்கு மாறியது. பல நாட்டுக் கப்பல்கள் தீவுகளைச் சூழ்ந்து, கடலில் நீந்தும் கடல்நாய்களைச் சுடத் தொடங்கின. சுடப்பட்டவற்றுள் பல கைக்கு எட்டாமல் மூழ்கின. கரையில் குட்டியை விட்டு இரைதேடக் கடலுக்கு வந்த தாய்களே மிகுதியாகச் சுடப்பட்டன. ஒரு தாய் கடலில் இறந்தால் கரையிலே அதன் குட்டி பாலின்றி மெல்ல மெல்ல இறந்தது. இனம் அருகி வந்ததைக் கண்ட அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், இருசியா ஆகிய நான்கு நாடுகளும் 1911இல் உடன்படிக்கை செய்து கடல்நடு வேட்டையை நிறுத்தின. துப்பாக்கியின்றித் தம் மரபுப் படகுகளில் வேட்டையாடும் பழங்குடியினர்க்கு மட்டும் அவ்வுடன்படிக்கை விலக்களித்தது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் அவ்வினம் மீண்டும் பெருகிற்று. வேட்டைக்கு எல்லை வகுத்தால் இயற்கை தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

எல்லை வகுக்காவிடின் நேர்வது யாது? அதே வடகடலில் ஸ்டெல்லர் என்னும் அறிஞர் 1741இல் கண்டு விவரித்த மாபெரும் கடற்பசு, கப்பலோட்டிகளின் உணவு வேட்டையால் 1768ஆம் ஆண்டளவில் அடியோடு அற்றுப்போயிற்று. அறிவுலகம் அதனை அறிந்து இருபத்தேழு ஆண்டுகள் கூட அது நிலைக்கவில்லை. அதன் குடும்பத்தைச் சார்ந்த ஆவுளியா நம் பாக் நீரிணையில் இன்றும் எஞ்சியிருக்கின்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுவதைத் தடுக்கின்றது. தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கெனக் காப்பகமாக அறிவித்தது. வடகடலில் நேர்ந்த இழப்பு இங்கும் நேராதிருக்க இக்காப்பு வேண்டுவதே.

எதிர்ப்பும் தடைகளும்

1964இல் கனடாவின் தொலைக்காட்சியில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் கடல்நாய் வேட்டையைக் காட்டும் படம் ஒன்று ஒளிபரப்பாயிற்று. வெண்பனிமேல் செங்குருதி சிந்தும் காட்சி மக்களை உலுக்கியது. விலங்கு நலனுக்கான அனைத்துலக நிதியம் என்னும் அமைப்பு 1969இல் கனடாவில் தோன்றியதே இவ்வேட்டையை எதிர்ப்பதற்காகத்தான். பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ 1977இல் பனிவெளிக்கே சென்று உலகின் பார்வையை அங்குத் திருப்பினார். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1983இல் வெண்மயிர்க் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. 1987இல் கனடாவும் வெண்மயிர்க் குட்டிகளை வாணிகத்திற்காகக் கொல்வதை நிறுத்தியது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருள்கள் அனைத்திற்குமே தன் சந்தையை அடைத்தது. பழங்குடியினர் தம் வாழ்விற்காக வேட்டையாடிப் பெற்றவற்றிற்கு விலக்குத் தந்தது.

கனடாவும் நார்வேயும் இத்தடையை எதிர்த்து உலக வணிக அமைப்பில் வழக்காடின. 2014இல் அதன் மேல்முறையீட்டு மன்றம் அளித்த தீர்ப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொதுமக்களின் ஒழுக்க உணர்வைக் காத்தற்பொருட்டு ஒரு நாடு வணிகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. விலங்கின் துன்பமும் பன்னாட்டு வணிகச் சட்டத்தில் எடைபோடத்தக்க அறப்பொருள் ஆயிற்று. அதே வேளையில், பழங்குடியினர்க்கான விலக்கு எல்லாப் பழங்குடியினர்க்கும் ஒப்ப நடைமுறையில் கிட்டவில்லை என்றும் அம்மன்றம் குறை கண்டது.

வேட்டைக்குச் சார்பாகப் பேசுவோரின் வாதங்களையும் நாம் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். யாழ்க் கடல்நாய் அழியும் நிலையில் உள்ள இனமன்று. 1970களின் தொடக்கத்தில் இருபது இலட்சத்திற்கும் குறைந்திருந்த அதன் தொகை பின்னர்ப் பன்மடங்கு பெருகிற்று. கொல்லும் முறையும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. முதலில் ஒரே அடியிலோ சூட்டிலோ உணர்விழக்கச் செய்தல், அடுத்து மண்டையோட்டைத் தொட்டு உணர்விழந்ததை உறுதிசெய்தல், பின்னர்க் குருதிக்குழாயை அறுத்தல் என்னும் மூன்று படிகளும் 2009இல் கட்டாயமாயின.

எனினும் ஐயங்கள் நீங்கவில்லை. அசையும் பனிப்பாளத்திலும் ஆடும் படகிலும் நின்று சுடுவோர்க்கு அம்மூன்று படிகளும் எப்போதும் கைகூடுமா என்பதில் கால்நடை மருத்துவர் குழுக்களே வேறுபட்ட முடிவுகளைக் கூறியுள்ளன. வாணிக வேட்டையில் தோலும் கொழுப்பும் எடுக்கப்பட்டபின் ஊனின் பெரும்பகுதி பனிமேலேயே விடப்படுவதும் உண்டு. கடல்நாய்கள் மீனைத் தின்று தீர்ப்பதால் அவற்றைக் குறைக்க வேண்டும் என்னும் வாதமும் முழு உண்மையன்று. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன்வளம் சரிந்து, 1992இல் அம்மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது; 2024இல்தான் அத்தடை நீங்கியது. அச்சரிவின் முதற்காரணம் பெருங்கப்பல்களின் வரம்பற்ற மீன்பிடிப்பே ஆகும். மனிதன் செய்த குற்றத்தை விலங்கின் தலையில் ஏற்றுதல் எளிது, முறையன்று.

எதிர்ப்பாளரிடத்தும் ஒரு குறை உண்டு. வெண்மயிர்க் குட்டியைக் கொல்லல் கூடாது என்றானபின், வெண்மயிர் உதிர்ந்து சில வாரங்களேயான குட்டிகளே வாணிக வேட்டையில் மிகுதியாகக் கொல்லப்படலாயின. உயிரும் வலியும் இரண்டிற்கும் ஒன்றே. மாறியது மயிரின் நிறம் மட்டுமே. அகன்ற கரிய விழிகளும் வெண்பஞ்சு போன்ற உடலும் கண்டு பிறந்த இரக்கம், அவ்வழகு நீங்கியவுடன் தளர்ந்துவிட்டது எனலாம். அழகை அளவுகோலாகக் கொண்ட இரக்கம் அறமாகாது. பன்றியையும் கோழியையும் குறுகிய கூண்டுகளில் அடைத்து வளர்த்து உண்ணும் நாடுகள், தொலைவிலுள்ள வேட்டைக்காரனை மட்டும் கொடியவன் என்பது எங்ஙனம் பொருந்தும் என்னும் வினாவும் இங்கே எழுகின்றது.

இனூயிட் மக்களின் வழக்கு

இவ்வழக்கில் நெடுங்காலம் எவரும் செவிசாயாத தரப்பு ஒன்று உண்டு. வடதுருவப் பகுதியில் ஆயிரமாண்டு மரபுடன் வாழும் இனூயிட் மக்களே அவர்கள். எஸ்கிமோக்கள் என்று பிறரால் முன்னர் அழைக்கப்பட்டவர்கள். பயிர் விளையாத, மரம் வளராத அந்நிலத்தில் கடல்நாயே அவர்கட்கு நெல்லும் பருத்தியும் விறகும் ஆயிற்று. அதன் ஊனை உண்டனர். கொழுப்பை எரித்து வீட்டைச் சூடாக்கினர். தோலால் ஆடையும் காலணியும் படகும் செய்தனர்.

பனிப்படலத்தில் கடல்நாய் மூச்சுவிட வரும் சிறு துளையருகே வேட்டைக்காரன் கடுங்குளிரில் மணிக்கணக்கில் அசையாது நிற்பான். கிடைத்த ஊன் அவனுக்கு மட்டும் உரியதன்று. உறவினர்க்கும் அண்டையயலார்க்கும் அதில் முறைப்படி பங்குண்டு. கொன்ற கடல்நாயின் வாயில் சிறிது நன்னீரை விடுவது அவர்தம் பழவழக்கம். உவர்நீரில் வாழ்ந்த உயிருக்கு நன்னீர் வேட்கை இருக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. குர்பானிப் பிராணிக்கு அறுக்குமுன் நீர் காட்டும் வழக்கமுடைய நம்மவர்க்கு இச்செயலின் உட்பொருள் எளிதில் விளங்கும். உயிரை எடுக்க நேர்ந்தவன் அவ்வுயிருக்குக் காட்டும் மதிப்பு அது.

இனூயிட்டுகள் வெண்மயிர்க் குட்டிகளை வேட்டையாடியவர் அல்லர். அவர்கள் பெரிதும் நாடியது வளர்ந்த வளையக் கடல்நாய் என்னும் வேறோர் இனம். 1983ஆம் ஆண்டுத் தடையிலும் அவர்கட்கு விலக்குத் தரப்பட்டிருந்தது. ஆயினும் சந்தை இவ்வேறுபாட்டை அறியவில்லை. கடல்நாய்த் தோல் என்றாலே மக்கள் முகஞ்சுளித்தனர், விலை வீழ்ந்தது. துப்பாக்கிக்கும் எரிபொருளுக்கும் பனிவண்டிக்கும் பணம் தந்த தோல் விற்பனை நின்றது. வேட்டைக்குச் செல்லவே வகையின்றிப் பல குடும்பங்கள் வறுமையுற்றன. ஏட்டில் வழங்கப்பட்ட விலக்கு வீட்டில் அடுப்பெரிக்க உதவவில்லை.

கனடாவின் கிரீன்பீஸ் அமைப்பு, தம் பழைய இயக்கத்தால் இனூயிட் மக்களுக்கு நேர்ந்த தீங்கிற்காக 2014இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. 2016இல் அலேத்தியா அர்னாக்-பேரில் என்னும் இனூயிட் பெண்மணி தம் மக்களின் தரப்பை எடுத்துரைக்கும் ஆவணப்படத்தை வெளியிட்டார். விலங்கின்பால் கொண்ட இரக்கம் நல்லதே. ஆனால் அவ்விரக்கம் ஏழை எளியோரின் முகத்தையும் நோக்கவில்லையாயின், ஒரு கொடுமையை நீக்கப் புகுந்து மற்றொரு கொடுமையை விளைவித்துவிடும்.

இஸ்லாம் வகுக்கும் எல்லைகள்

இஸ்லாம் வேட்டையை முற்றும் விலக்கவில்லை. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை இறைவனின் பெயர் கூறி உண்ணத் திருக்குர்ஆன் இசைவளிக்கின்றது (5:4). கடல்வேட்டை இஹ்ராம் நிலையில் இருப்போர்க்கும் ஆகுமானது (5:96). எனவே இஸ்லாத்தின் பெயரால் வேட்டை அனைத்தும் பாவம் என்று கூறுதல் பொருந்தாது.

ஆயின் அனுமதிக்கப்பட்ட இவ்வேட்டைக்கும் எல்லைகள் உண்டு. இஹ்ராம் உடுத்தியோர் நிலவிலங்குகளை வேட்டையாடல் ஆகாது. அறிந்தே கொன்றவர் அதற்கு ஈடாகக் கால்நடையைப் பலியிடுதல் முதலிய பரிகாரம் செய்தல் வேண்டும் (5:95). மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் கூடாது. மதீனாவிற்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இத்தகைய எல்லை வகுத்தார்கள். வேட்டைக்கு ஆகாத காலமும் ஆகாத இடமும் உண்டு என்னும் இக்கருத்து, இக்காலச் சட்டங்கள் வகுக்கும் வேட்டைத்தடைப் பருவத்தையும் காப்பகத்தையும் நமக்கு நினைவூட்டுகின்றது. ஆகுமானதும் அளவுக்கு உட்பட்டதே என்பது இதனால் பெறப்படும்.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை உணர்த்துகின்றது (6:38). உயிருள்ள எதனையும் அம்பெய்து பழகும் இலக்காக நிறுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் துன்பத்தைக் குறைக்குமாறு பணித்தார்கள். பயணமொன்றில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட அண்ணலார், குஞ்சுகளைத் தாயிடமே சேர்ப்பிக்கச் செய்தார்கள். இறந்துகிடந்த ஓர் ஆட்டைக் கண்டபோது அதன் தோலையேனும் பதப்படுத்திப் பயன்கொண்டிருக்கலாமே என்னும் கருத்துப்பட வினவினார்கள். வதை கூடாது என்பதோடு வீண்விரயமும் கூடாது என்பதை இந்நிகழ்ச்சிகள் நமக்குக் கற்பிக்கின்றன.

மானுக்குப் பிணை நின்ற மாண்பு

இவ்வறத்தை இலக்கிய வடிவில் நமக்கு வழங்கியவர் உமறுப்புலவர். சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலம் கற்போர் நெஞ்சை விட்டு நீங்காதது. வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், பாலுக்கு ஏங்கும் தன் கன்றை எண்ணிக் கலங்குகின்றது. கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட, அண்ணலார் தாமே பிணையாக நின்று அதனை விடுவிக்கின்றார்கள். சென்ற மான் வாக்குத் தவறாமல் கன்றுடன் மீள்கின்றது. அதனைக் கண்ட வேடன் மனம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகின்றான்; மானும் விடுதலை பெறுகின்றது.

இப்படலத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அண்ணலார் வேடனைப் பழித்து விரட்டவில்லை. அவன் பிடித்த மானைப் பறித்துக்கொண்டு செல்லவுமில்லை. மானின் தாய்மைக்கு இரங்கிய அதே நேரத்தில் வேடனின் உரிமையையும் மதித்தார்கள். அவன் இழப்பு நேருமே என்று அஞ்சியபோது அந்த இழப்பிற்குத் தாமே பொறுப்பேற்றார்கள். இரக்கம் காட்டுபவன் அதற்குரிய விலையைத் தான் ஏற்க வேண்டுமேயன்றி, ஏழை வேடன்மீது சுமத்திவிடல் கூடாது என்னும் அறம் இங்கே வெளிப்படுகின்றது. பிரிபிலோஃப் கடலில் பாலூட்டும் தாய்களைச் சுட்டவர்களிடம் இல்லாதிருந்தது முதலாவது பண்பு. இனூயிட் மக்களின் வாழ்வை மறந்த இயக்கத்தாரிடம் இல்லாதிருந்தது இரண்டாவது பண்பு. இரண்டும் ஒருங்கே அமைந்த இடம் நம் காப்பியப் படலம்.

கேட்கவேண்டிய நான்கு வினாக்கள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து வேட்டையின் தகுதியை ஆராய நான்கு வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தேவை பற்றியது. உயிர் வாழ்தற்கு வேறு வழியின்றி வேட்டையாடுகின்றானா, அன்றிச் செல்வர்தம் ஒப்பனைக்கோ பொழுதுபோக்கிற்கோ வேட்டையாடுகின்றானா? 

இரண்டாவது, துன்பம் பற்றியது. கொல்லப்படும் உயிர் இயன்றவரை விரைவாகவும் வலி குறைவாகவும் இறக்கின்றதா? அதன் சாவால் பாலின்றித் தவிக்கும் குட்டி உண்டா? 

மூன்றாவது, தொடர்ச்சி பற்றியது. இன்று எடுப்பதை ஈடுசெய்து அவ்வினம் நாளையும் நிலைபெறுமா? 

நான்காவது, விரயம் பற்றியது. எடுத்த உயிரின் உடல் முழுமையாகப் பயன்படுகின்றதா, அன்றிச் சிறுபகுதி போக எஞ்சியது எறியப்படுகின்றதா?

இவ்வினாக்களின் முன் எல்லா வேட்டையும் ஒரே நிலையில் நில்லா. பாடஞ்செய்த தலையைச் சுவரில் மாட்டுவதற்காக நிகழும் கேளிக்கை வேட்டை முதல் வினாவிலேயே வீழ்ந்துவிடும். அரசர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் ஆடிய வேட்டையும் காரணமாகச் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போயிற்று என 1952இல் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2022இல், நமீபியாவிலிருந்து அவ்விலங்குகளை விமானத்தில் கொண்டுவரும் நிலை நேர்ந்தது. தோலுக்கான வாணிக வேட்டை மூன்றாம் வினாவிற்கு ஒருவாறு விடைகூறலாம். முதலாவதிலும் நான்காவதிலும் இடறுகின்றது. இரண்டாவதில் ஐயத்திற்கு இடமாகின்றது. இனூயிட் வேட்டைக்காரனோ தேவையிலும் பயன்பாட்டிலும் தொடர்ச்சியிலும் தலைநிமிர்ந்து நிற்கின்றான். அவனும் துப்பாக்கியைக் கையாளும் இந்நாளில் இரண்டாம் வினாவிற்கு விடைகூறக் கடமைப்பட்டவனே. ஆயின் அவ்விடையைக் கேட்கும் தகுதி, அவனைப் பட்டினியில் தள்ளாதவர்க்கே உண்டு.

இவ்வினாக்கள் வேடனுக்கு மட்டும் உரியன அல்ல. நம்மை நோக்கியும் திரும்புகின்றன. தோல் பதனிடும் தொழிலால் வாழும் ஊர்கள் நம் வடஆர்க்காட்டுப் பகுதியில் பல. உணவுக்காக அறுக்கப்பட்ட ஆடு மாடுகளின் தோலைப் பயன்படுத்துவதால் அத்தொழில் விரயத்தைத் தவிர்க்கின்றது. எனினும் நம் சமையற்கட்டிற்கு வரும் கோழி எவ்வாறு வளர்க்கப்பட்டது, எவ்வாறு ஏற்றிவரப்பட்டது என்று நாம் கேட்பதுண்டா? மிதிவண்டியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுசெல்லப்படும் கோழிகளைக் கண்டும் காணாதவர்போல் செல்பவர், வடதுருவத்து வேட்டைக்காரனுக்கு அறம் உரைக்கத் தகுதியுடையரோ? விருந்துகளில் மிஞ்சிய ஊனைக் குப்பையில் கொட்டுவோர் நான்காம் வினாவிற்கு யாது விடை கூறுவர்? ஆகுமான உணவு என்பது அறுக்கும் முறையோடு முடிந்துவிடுவதன்று. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொறுப்பையும் உள்ளடக்கியது என்பதை மாணவச் செல்வங்கள் உளங்கொள்ளல் நன்று.

முடிவுரை

கடல்நாய் வேட்டையைப் பற்றிய நெடிய வழக்கு உலகிற்கு இரண்டு பாடங்களைத் தந்துள்ளது. வாய்பேசா உயிரின் வலியும் மனித சட்டத்தின் முன் எண்ணத்தக்கது என்பது ஒன்று. அவ்வலியைப் போக்க எழுவோர், வறிய மனிதனின் வாழ்வையும் உடன்நோக்க வேண்டும் என்பது மற்றொன்று. நீதியில்லாத இரக்கம் எளியோரை வருத்தும். இரக்கமில்லாத நீதி உயிர்களை வருத்தும்.

படைப்பினங்கள் அனைத்தும் இறைவனுக்கு உரியவை; மனிதன் அவற்றிற்கு உரிமையாளன் அல்லன், பொறுப்பாளனே. பொறுப்பாளன் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன். ஓர் உயிரை எடுக்கும்போது, ‘இது வேண்டுவதுதானா, வதையின்றி நிகழ்கின்றதா, இனம் நிலைக்குமா, வீணாகாதா’ என்று தன் நெஞ்சைத் தானே கேட்டுக்கொள்பவன் கையில் வேட்டைக்கருவி இருப்பினும் அவன் அறத்தின் எல்லைக்குள் நிற்கின்றான். அவ்வாறு கேளாதவன் வேட்டைக்கே செல்லாது வீட்டிலிருப்பினும் அவ்வெல்லையைக் கடந்தவனே ஆவான். மானுக்குப் பிணைநின்ற மாநபியின் வழிவந்தோர் என்று பெருமை கொள்ளும் நாம், அப்பெருமைக்குரிய பொறுப்பையும் ஏற்றுக் காட்டிலும் கடலிலும் உள்ள உயிர்களிடத்தும், அவற்றைச் சார்ந்து வாழும் மக்களிடத்தும் அருளும் நேர்மையும் உடையோராய் வாழ்வோமாக.